கொக்கு கேட்ட குதிரை

— ...அதனால, குதிரையைக் கொடுத்துடலாம்னு பாக்கறேன்.

— எந்தக் குதிரையை, அத்தை?

— என்கிட்ட என்ன லாயமா இருக்கு? இருக்கறது ஒரே குதிரை. வெள்ளிப் பிடரி வச்சது.

— கேம்ல இருக்கற குதிரையா? அதை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?

— உன் புருஷனுக்குத்தான். கேட்டிருக்கான்.

— அவரா? அவர் கொடுத்ததுதானே அது... அவரே எதுக்குத் திருப்பிக் கேக்கறாரு?

— கொடுத்தவன் கேக்கறான், கொடுத்தா என்ன? நீ கோட்டைப் பாரு, கருகப் போகுது. கடைக்கு ஓட்டைக் கோட்டோட போனா நல்லாவா இருக்கும்?

— இருங்க, இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சுடறேன். எப்ப கேட்டாரு?

— இப்பத்தான். கேம்லயே செய்தி அனுப்பியிருக்கான்.

— காட்டுங்க, பாக்கலாம்.

— நானே படிக்கறேன். நீ தண்ணி தெளிச்ச கையோட தொட்டா இந்த டேப்லெட் பேயாட்டம் ஆடும். கேளு. "அம்மா, உன் குதிரையையும் என் குதிரையையும் ஒரே ஆள் கையில வச்சா ரெண்டுக்கும் இறக்கை முளைக்கும். இன்னைக்கு மட்டும்தான். உன்னோடதை எனக்கு ட்ரேட்ல அனுப்பிடு. இறக்கை வந்ததும் திருப்பி அனுப்பிடறேன். சீக்கிரம், கப்பல்ல நெட் போயிடும். யார்கிட்டயும் சொல்லாதே."

— யார்கிட்டயும் சொல்லாதேன்னா எழுதியிருக்கு?

— ஆமா. அதான் உன்கிட்ட சொல்றேன்.

— அத்தை, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது அவர் மாதிரி தெரியல.

— பேரு கொக்குன்னுதான் போட்டிருக்கு. பக்கத்துல அவன் படம், ஒத்தக் கால்ல நிக்குது.

— பேரு அவரோடதுதான். அக்கவுன்ட்டும் அவரோடதாவே இருக்கும். உள்ள உக்காந்திருக்கறது வேற ஆளு.

— அதெப்படி? ஒருத்தன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் வந்து உக்கார முடியுமா?

— சாவி கிடைச்சா முடியும். "உங்களுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கு, இங்க தொடுங்க"ன்னு ஒரு லிங்க் வந்திருக்கும். பாக்கறதுக்கு கேம் கம்பெனி பக்கம் மாதிரியே இருக்கும். அதுல பாஸ்வேர்டைப் போட்டிருப்பாரு. அவ்வளவுதான். இன்ஜின் ரூம்லருந்து களைச்சுப் போய் வந்து, தூக்கக் கலக்கத்துல தொட்டிருப்பாரு.

— பரவால்லையே. அவன் களைச்சு வர்றதெல்லாம் உனக்கு இங்கிருந்தே தெரியுது.

— ...அந்த வேலைன்னா களைப்பு இருக்காதா, அத்தை?

— இருக்கும், இருக்கும். சரி, உள்ள இருக்கறவன் வேற ஆளுன்னா என்னை அம்மான்னு எப்படிக் கூப்பிடறான்? அங்க என்னை எல்லாரும் கத்திரிக்கோல்னுதானே கூப்பிடறாங்க?

— பழைய பேச்செல்லாம் அதுலயே இருக்குமே. நீங்க அவருக்கு எழுதினது, அவர் உங்களுக்கு எழுதினது, எல்லாத்தையும் பொறுமையாப் படிச்சுட்டு அவர் மாதிரியே எழுதுவான். எங்க கொஞ்சறாரு, எங்க கேலி பண்றாரு, எல்லாம் பாத்து வச்சுப்பான்.

— அடப்பாவி. நான் மூட்டு வலின்னு பக்கம் பக்கமா எழுதினதையுமா?

— அதையும்தான்.

— படிக்கட்டும். ஒருத்தனாவது அக்கறையாப் படிச்சானே.

— விளையாடாதீங்க அத்தை. உங்க குழுவுல மூக்குப்பொடின்னு ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? கப்பல் மாதிரி பெரிய படகு வச்சிருப்பாரு.

— அவரை மறக்க முடியுமா? என்னைப் படகுல ஏத்திக்கிட்டுக் கரையில கொண்டு போய் முட்டினவரு.

— அவர்கிட்ட ஒருத்தன் வந்து, "நான் கேம் கம்பெனி அதிகாரி, உங்க படகு திருட்டுப் படகான்னு சோதிக்கணும், அனுப்புங்க"ன்னு சொன்னான். அனுப்பிட்டாரு. அதிகாரியும் போயாச்சு, படகும் போயாச்சு. மனுஷன் அதுக்கப்புறம் ஆடவே வரல.

— அதான் ஆளைக் காணோமா? நான் என்னமோ என் மேல கோவம்னு நினைச்சுட்டேன். நீ இதையெல்லாம் எங்க கத்துக்கிட்ட? மூக்குக் கண்ணாடிக் கடையில இதுவுமா சொல்லித் தர்றாங்க?

— நானும் ஆடினவதானே.

— அதைத்தான் கேக்கறேன். தூங்குமூஞ்சின்னு பேரு வச்சுக்கிட்டுத் தூங்காம அவன் கூட ஆடினவ. கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் அந்த கேம் காட்டுக்குள்ள வீடு கட்டிக் குடித்தனம் பண்ணியாச்சு. இப்ப என்ன, எட்டிக் கூடப் பாக்கறதில்ல?

— கடையில வேலை ஜாஸ்தி... நேரமே இல்ல.

— ஓ.

— நம்ம விஷயத்துக்கு வாங்க. குதிரைக்கு இறக்கை முளைக்கறதுன்னு இந்த கேம்ல ஒண்ணு கிடையவே கிடையாது. ட்ரேட்ல, அதான் பொருளை மாத்திக்கறதுல, கை மாறினா மாறினதுதான். கம்பெனிக்காரங்ககிட்ட அழுது புரண்டாலும் திருப்பி வாங்கித் தர மாட்டாங்க. அந்தக் குதிரை இப்ப புதுசா யாருக்கும் கிடைக்கறதும் இல்ல.

— தெரியும்மா. அது போச்சுன்னா எனக்குப் பெரிய கஷ்டம். ரெண்டு பேர் உக்கார்ற குதிரை அது ஒண்ணுதான். அவனுக்கு நெட் கிடைக்கற அன்னைக்கு வந்து என் பின்னாடி ஏறிப்பான். மலையைச் சுத்திக் காளான் பறிச்சுக்கிட்டே பேசுவோம். போன்ல கூப்பிட்டா, மாத்திரை போட்டியா, சரி, வச்சுடறேன்... முடிஞ்சுது. குதிரை மேல உக்காந்தாத்தான் அவனுக்கு வாய் திறக்குது.

— அதனாலதான் சொல்றேன், அவசரப்படாதீங்க.

— அவசரப்படறது நான் இல்ல, அவன். இதோ மறுபடியும். "அம்மா, இருக்கியா? நேரம் போகுது. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

— பாத்தீங்களா? யோசிக்க விடவே மாட்டாங்க. யோசிச்சா நாம கொடுக்க மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியும்.

— சரி, சந்தேகம் தீர ஒரு வழி இருக்கு. நீ அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடு.

— ...நானா?

— பின்ன? பொண்டாட்டி கூப்பிட்டா எடுக்காமலா போவான்?

— இப்ப டூட்டில இருப்பாரு, அத்தை.

— டூட்டில இருக்கறவன் எப்படி கேம் ஆடறான்?

— அதைத்தானே நானும் சொல்றேன். அது அவர் இல்ல.

— அட, ஆமா. சரி, நேத்து பேசினேன்னு சொன்னியே. குதிரை, இறக்கை, ஏதாவது சொன்னானா?

— நேத்தா... ஆமா, பேசினேன். அதெல்லாம் ஒண்ணும் சொல்லல.

— வேற என்ன பேசினீங்க?

— பொதுவா... மழை, கடல், அது இது...

— கடல்ல இருக்கறவன் கடலைப் பத்திப் பேசினானா? சரி, சரி. முகத்தை அப்படி வச்சுக்காத. நான் ஒண்ணும் உங்க பேச்சை ஒட்டுக் கேக்கல.

— இல்ல அத்தை, கடைக்கு நேரமாகுதேன்னு பாக்கறேன்.

— இன்னும் நேரம் இருக்கு. போன் வேண்டாம், விடு. அவன்கிட்டயே ஒரு கேள்வி கேப்போம். என் பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு.

— கேக்கலாம். ஆனா பழைய பேச்சுல இல்லாததா இருக்கணும்.

— சின்ன வயசுல அவன் வளத்த ஆமையோட பேரு?

— அந்தப் பேரை வச்சு எத்தனை தடவை அவரை அதுலயே கேலி பண்ணியிருக்கீங்க.

— ஆமா. முதுகுல இருக்கற தையல் தழும்பு?

— அதையும்தான். "நானே போட்ட தையல், கொஞ்சம் கோணிப் போச்சு"ன்னு ஊருக்கே தெரியற மாதிரி எழுதியிருந்தீங்க.

— எனக்கு வாய்ல எதுவும் தங்காதுன்னு நேராச் சொல்லேன். அப்ப நீயே ஒண்ணு சொல்லு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள எழுத்துல வராதது ஆயிரம் இருக்கும்.

— இருங்க, யோசிக்கறேன்.

— என்னம்மா, ஆயிரத்துல ஒண்ணு கூடவா இல்ல?

— இருக்கு. இப்படிக் கேளுங்க. "கப்பலுக்குக் கிளம்பின அன்னைக்கு, வாசல்ல வச்சு அவகிட்ட கடைசியா என்ன சொன்ன?"

— நல்ல கேள்வி. இரு, இந்த எழுத்தைத் தேடிப் பிடிக்கணும்... ம், அனுப்பியாச்சு. பதில் என்ன வரணும்?

— முதல்ல அவன் சொல்லட்டும்.

— புள்ளி புள்ளியா ஓடுது... நின்னுடுச்சு... மறுபடி ஓடுது. வந்துடுச்சு. "உடம்பைப் பாத்துக்கோ, சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னேன். இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

— அவர் இல்ல.

— இதுல என்ன தப்பு? எல்லாப் புருஷனும் சொல்றதுதானே?

— அதனாலதான் அப்படி எழுதியிருக்கான். எல்லாப் புருஷனும் சொல்றதுன்னு.

— என் பிள்ளை என்ன சொன்னான்?

— ஒண்ணும் சொல்லல, அத்தை.

— ஒண்ணுமேவா?

— பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போனாரு. வண்டி காத்துக்கிட்டு இருந்துச்சு... அவசரம். அவ்வளவுதான்.

— மாடியில நின்னு நான் கை ஆட்டினேன். என்னைப் பாத்துத் திரும்ப ஆட்டினானே.

— ஆமா. உங்களுக்கு ஆட்டினாரு.

— அதுக்கு முந்தின நாள்தானே இந்தக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னான்? இனிமே போக மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன்...

— அதெல்லாம் எதுக்கு இப்ப? அத்தை, அங்க பாருங்க, ட்ரேட் பெட்டியைத் திறந்துட்டான்.

— திறக்கட்டும். என்ன கடை விரிக்கறான்னு பாப்போம்.

— வேண்டாம், மூடிடுங்க.

— நீ ஏன் இப்படிப் பயப்படற? ஆபரேஷன் தியேட்டர்ல வயித்தைத் திறந்து வச்சுக்கிட்டே எண்ணிப் பழகினவ நான். கத்தி, கத்திரி, பஞ்சு, உள்ள போனதெல்லாம் வெளிய வந்துதான்னு நான் வாய்விட்டுச் சொல்லணும், இன்னொரு நர்ஸ் திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் டாக்டர் தையல் ஊசியையே கையில எடுப்பாரு. இப்ப நீ திருப்பிச் சொல்லு. தங்கச் சேணம் ஒண்ணு.

— தங்கச் சேணம் ஒண்ணு.

— மந்திர விளக்கு ஒண்ணு.

— மந்திர விளக்கு ஒண்ணு. கீழ என்ன எழுதியிருக்கான்?

— "குதிரை திரும்பி வர்ற வரைக்கும் இதை நீ வச்சுக்கோ, ஒரு நம்பிக்கைக்கு." பெத்தவகிட்டயே அடகு வைக்கறான் பாரு. அடடே... எல்லாத்தையும் எடுத்துட்டானே.

— எடுத்துட்டானா?

— "ஏதோ தப்பா அழுத்திட்டேன், மறுபடி வைக்கறேன்"னு எழுதறான்.

— இதுதான் அத்தை. இப்பத்தான் நல்லாப் பாக்கணும்.

— எண்ணறேன். மந்திர விளக்கு ஒண்ணு.

— மந்திர விளக்கு ஒண்ணு.

— சேணம்... இது தங்கமா?

— எனக்கும் மஞ்சளாத்தான் தெரியுது. லேசாத் தொட்டுப் பிடிங்க, விவரம் வரும். அந்தப் பச்சைப் பட்டன் பக்கம் மட்டும் விரல் போகக் கூடாது.

— "பித்தளைச் சேணம். எல்லாக் கடையிலும் கிடைக்கும்." திருட்டுப் பய.

— முதல் தடவை தங்கத்தைக் காட்டுவான். ரெண்டாவது தடவை பித்தளையை வைப்பான். முன்னாடியே பாத்தாச்சேன்னு ஆளுங்க பட்டனை அமுக்கிடுவாங்க. எங்க கடையில, லென்ஸை ஃப்ரேம்ல மாட்டினப்புறம் மறுபடி ஒரு தடவை பாக்காம நான் யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் கணக்குல சேராது.

— அவ்வளவு கவனமாப் பாக்கறவ... சரி, நான் இன்னும் குதிரையை உள்ள வைக்கவே இல்ல, பாத்தியா?

— வைக்காதீங்க.

— வைக்கல. என்னை என்ன அவ்வளவு லேசா நினைச்சுட்ட?

— குதிரையைக் கொடுத்துடலாம்னு பாக்கறேன்னு ஆரம்பிச்சது யாரு?

— நான்தான், நான்தான். இரு, இப்ப வேற ராகம் பாடறான். "சந்தேகமா இருந்தா என்கிட்ட கொடுக்க வேண்டாம்மா. நடுவுல ஒரு பெரியவர் இருக்காரு, அவர்கிட்ட கொடு. ரெண்டு பக்கமும் வாங்கி மாத்தி விடுவாரு. இங்க எல்லாரும் அவரைத்தான் நம்பறாங்க."

— அந்தப் பெரியவரும் இவனேதான். இல்லன்னா இவன் கூட்டாளி. நடுவுல நிக்கற ஆளை அவங்களே கூட்டிட்டு வந்தா, அந்த ஆளு எந்தப் பக்கம் நிப்பாரு?

— அதுவும் சரிதான். எதுக்குமே நடுவுல ஆளை வச்சுப் பேசக் கூடாது, இல்லையா?

— ஆமா.

— சம்பந்தப்பட்டவங்க நேராப் பேசிடணும்.

— ...குதிரையைப் பத்தித்தானே சொல்றீங்க?

— வேற எதைச் சொல்லப் போறேன்?

— இல்ல, சும்மா கேட்டேன்.

— அவனுக்கு என்ன எழுதட்டும்? குதிரைக்கு வயித்தால போகுது, அனுப்ப முடியாதுன்னு எழுதவா?

— ஒண்ணும் எழுதாதீங்க. பேச்சை வளத்தா இன்னொரு வழி கண்டுபிடிச்சு வருவான். பெட்டியை மூடிட்டுப் புகார் கொடுங்க. மேல மூணு கோடு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க. கீழ வாங்க... "அக்கவுன்ட் திருட்டு." ஆமா, அதுதான்.

— என் பிள்ளை பேர்லயே என்னைப் புகார் கொடுக்க வச்சுட்டியே.

— அவர் நல்லதுக்குத்தான். கம்பெனிக்காரங்க பூட்டிடுவாங்க. அப்புறம் அவர் வந்து தன்னோடதுதான்னு காட்டித் திறந்துக்கலாம். அதுக்குள்ள அவர் பேரைச் சொல்லி வேற யாரையாவது ஏமாத்திடக் கூடாதில்ல?

— கொடுத்தாச்சு... கொக்கு கறுத்துப் போச்சு. இப்ப எழுதவும் முடியாது போல. குதிரை இங்கயே நிக்குது, வாலை ஆட்டிக்கிட்டு.

— அப்பாடா. நல்ல வேளை, அத்தை.

— நல்ல வேளைதான். ஆனா, இப்ப அவனுக்குச் சொல்லணுமே. கேமோட போச்சுன்னா பரவால்ல. மெயில், பாங்க், எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா வச்சிருக்கப் போறான் சோம்பேறி.

— ஆமா. ஒரே பாஸ்வேர்ட்தான். உடனே மாத்தச் சொல்லணும்.

— உனக்குத் தெரியுமா அது?

— தெரியும்.

— என்ன?

— அதைச் சொல்லக் கூடாது, அத்தை. அதான் பாஸ்வேர்ட்.

— முகம் போற போக்கைப் பாத்தா உன் பேராத்தான் இருக்கும்.

— ...அப்ப அப்படி வச்சிருந்தாரு. இப்ப மாத்தியிருக்கலாம்.

— மாத்தினானான்னு கேட்டுடு. போன் போடு.

— உங்க போன்லருந்து போடறேனே.

— என் போன் உள்ள சார்ஜ்ல கிடக்கு. உன்னோடது உன் கையிலயே இருக்கே.

— சரி, போடறேன்.

— என்னாச்சு?

— லைன் போகல. நடுக்கடல்ல சிக்னல் இருக்காது.

— நம்பரையே அமுக்கலையேம்மா நீ.

— கோட்டை மடிச்சு வச்சுட்டு வந்துடறேன், அத்தை.

— உக்காரு. கோட்டு எங்கயும் ஓடிப் போகாது.

— அத்தை... ஒண்ணு கேக்கவா? இவ்வளவு நடந்துச்சு, நீங்க கொஞ்சம் கூடப் பதறலையே. அது அவர் இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— தெரியும்.

— நான் சொல்றதுக்கு முன்னாடியா?

— நீ இந்த ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே.

— அப்புறம் எதுக்கு என்னை உக்கார வச்சு, கேள்வி கேக்கச் சொல்லி, போன் போடச் சொல்லி...

— நீயா வாய் திறந்து என்கிட்ட சொல்லுவியான்னு பாத்தேன்.

— எதை? ...இல்ல, அதை விடுங்க. அது திருடன்னு எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?

— உனக்குப் படிச்சுக் காட்டினேனே, அதுக்கு மேல ஒரு வரி இருந்துச்சு, அதை விட்டுட்டுத்தான் படிச்சேன். "அவ எப்படி இருக்காம்மா? நேரத்துக்குச் சாப்பிடறாளா?"ன்னு உன்னை விசாரிச்சிருந்தான். பழைய பேச்சைப் பாத்து எழுதியிருக்கான், பாவம். இந்தத் தடவை கப்பல் ஏறினதுலருந்து என் பிள்ளை உன்னைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா.